குதிரை ஜெயித்தும் காசு குறைந்தது ஏன்? ரேஸ் பட்டுவாடா விதிகளில் எது நியாயம், எது அநியாயம்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு ரேஸுக்குப் போய்வருகிறார். ஒரே நாளில் மூன்று முறை, கட்டிய குதிரை ஜெயித்தும் எதிர்பார்த்த பணம் கைக்கு வரவில்லை. முதலாவது: கிளப்பே நடத்தும் டோட் பந்தயத்தின் போர்டில் பத்து ரூபாய்க்கு 52 என்று ஓடியது, கவுண்டரில் கொடுத்தது 38. இரண்டாவது: புக்கியிடம் (விலை சொல்லிப் பந்தயம் வாங்குகிறவர்) ஒன்றுக்கு ஐந்து விலையில், அதாவது ஒரு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் லாபம் என்று கட்டினார், ஓட்டம் தொடங்கும் கேட் பக்கத்தில் வேறொரு குதிரை விலகியது, ஜெயித்த லாபத்தில் நூற்றுக்கு முப்பது பிடித்தம். மூன்றாவது: ஃபேவரிட் (அதிகம் பேர் நம்பிக் கட்டும் குதிரை) டெட் ஹீட்டில், அதாவது இன்னொரு குதிரையோடு சமமாக வந்து ஜெயித்தது, ஆனால் போட்ட காசைவிடக் குறைவாகத் திரும்பியது. "இது விதியா, வழிப்பறியா? யாரிடம் புகார் கொடுப்பது?" என்கிறார்.

மூன்றுமே விதிப்படிதான். மூன்றிலும் அவர் ஏமாற்றப்படவில்லை. ஆனால் ரேஸ் பட்டுவாடாவில் அநியாயமே இல்லை என்று சொல்லவும் முடியாது. ஜனங்கள் கவுண்டரில் சண்டை போடும் விதிகள் பெரும்பாலும் நியாயமானவை. சத்தமே இல்லாமல் காசு போகும் விதிகள் வேறு. இரண்டையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 52, 38 விவகாரம். டோட்டில் யாரும் உங்களுக்கு விலை தருவதில்லை. எல்லோருடைய பணமும் ஒரே குளத்தில் விழுகிறது. கிளப் தன் பங்கையும் வரியையும் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 1860-களில் பாரீஸில் ஜோசப் ஒல்லர் என்பவர் கொண்டுவந்த முறை இது. போர்டில் ஓடும் எண், "இந்த நிமிஷத்தோடு டிக்கெட் கொடுப்பதை நிறுத்தினால் இவ்வளவு வரும்" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு கணக்கு: வின் குளத்தில், அதாவது முதலாவது வரும் குதிரைக்கான குளத்தில், 2,00,000 ரூபாய். நூற்றுக்கு 25 பிடித்தம் என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 1,50,000. உங்கள் குதிரை மேல் கட்டியிருப்பது 28,800. வகுத்தால் பத்து ரூபாய்க்கு 52 சொச்சம். கடைசி இரண்டு நிமிஷத்தில் இன்னும் 60,000 வந்து விழுகிறது. அதில் 22,000 உங்கள் குதிரை மேலேயே. இப்போது குளம் 2,60,000, பிடித்தம் போக 1,95,000, குதிரை மேல் 50,800. பத்து ரூபாய்க்கு 38.38. அதில் காசை வெட்டி 38. இதில் யாரும் எதையும் மாற்றி எழுதவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கடைசி நிமிஷம்வரை பணத்தைக் கையில் வைத்திருப்பதால், நல்ல குதிரையின் டிவிடெண்ட் (பத்து ரூபாய்க்கு வரும் தொகை) கடைசியில்தான் சரியும். ஏறுவது பெரும்பாலும் ஜெயிக்காத குதிரையின் எண்தான். எரிச்சலாக இருக்கும், ஆனால் முறைகேடு இல்லை. விலை நிலையாக வேண்டுமென்றால் புக்கியிடம்தான் போக வேண்டும். அங்கே சீட்டில் எழுதிய விலைதான் விலை.

மேலே சொன்னதில் கவனிக்க வேண்டிய சங்கதி, அந்த 38 காசு. நம் பத்திரிகைகளில் வரும் ரேஸ் முடிவுகளைப் பாருங்கள்: வின் 38, பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வந்தால்) 14, 22, 17, எஸ்எச்பி (இரண்டாவது வரும் குதிரைக்கு) 45 என்று எல்லாம் முழு ரூபாயில்தான் இருக்கும், அதுவும் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு. கீழ்நோக்கி வெட்டும்போது 38.38-ல் 38 காசு போனால் நூற்றில் ஒரு பங்குதான் நஷ்டம், போகட்டும். ஆனால் சின்ன டிவிடெண்டில் இதே வெட்டு என்ன செய்கிறது பாருங்கள். ஃபேவரிட்டுக்குக் கணக்குப்படி 11.95 வருகிறது என்று வையுங்கள். கொடுப்பது 11. உங்கள் லாபம் 1.95 ஆக வேண்டியது 1 ஆகிவிட்டது. லாபத்தில் ஏறத்தாழ பாதி காணோம். ஆயிரம் ரூபாய் கட்டியவருக்கு 1,195 வர வேண்டிய இடத்தில் 1,100. இவர் தன்னுடைய 95 ரூபாய் போனதே தெரியாமல் சிரித்துக்கொண்டு வெளியே வருவார். இவரேதான் டெட் ஹீட் அன்று மேஜையைத் தட்டுவார்.

இந்த வெட்டு பல நாடுகளிலும் உண்டு. ஜப்பானில் நூறு யென்னுக்குக் கணக்கிட்டு பத்து யென்னுக்குக் கீழே உள்ளதை வெட்டுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு டாலருக்குப் பத்து சென்ட் படியில் வெட்டுவது நெடுநாள் வழக்கம். கையால் பணம் எண்ணிக் கொடுத்த காலத்தில் சில்லறைத் தொல்லை என்ற காரணம் செல்லும். கம்ப்யூட்டர் கணக்குப் போடும் காலத்தில் அந்தக் காரணம் செத்துப்போயிற்று. கென்டக்கி மாநிலம் 2022-ல் ஒரு சென்ட் வரை கணக்கிட்டுக் கொடுக்கச் சட்டமே போட்டது. யூபிஐயில் டீக்குக் காசு கொடுக்கும் நம் ஊரில் முழு ரூபாய் வெட்டுக்கு என்ன நியாயம்? என் கணக்கில் பட்டுவாடா விதிகளிலேயே சுலபமாகத் திருத்தக்கூடிய அநியாயம் இதுதான். அடிபடுவது முழுக்க முழுக்க ஃபேவரிட், பிளேஸ் கட்டுகிறவர்கள். அதாவது ஜாக்கிரதையாக, சின்ன லாபத்துக்கு ஆடுகிறவர்கள்.

குளத்திலிருந்து எடுக்கும் பங்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் வின், பிளேஸுக்கு 17.5 சதவீதம். ஜப்பானில் வின், பிளேஸுக்கு 20, முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்லும் பந்தயத்துக்கு 27.5, ஐந்து ரேஸ் ஜெயிப்பாளரைச் சொல்லும் பந்தயத்துக்கு 30. பரிசு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, பிடித்தமும் அவ்வளவு பெரிது. நம் பக்கத்தில் டனாலா (முதல் மூன்றையும் வரிசையாகச் சொல்வது), ஜாக்பாட் (பல ரேஸ் ஜெயிப்பாளரைச் சேர்த்துச் சொல்வது) மேல் விழுந்து கட்டுகிறவர்கள், கட்டும் முன் கிளப்பின் பிடித்தம் எத்தனை சதவீதம் என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்தது பிளேஸ். கண்ணுக்குத் தெரியாத பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. மூன்று குதிரைக்கு பிளேஸ் உண்டு என்றால் குளத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். எதை மூன்றாகப் பிரிப்பது? இரண்டு வழி உண்டு. ஒன்று, பிடித்தம் போன மொத்தக் குளத்தையும் மூன்று சம பங்காக்குவது. இன்னொன்று, ஜெயித்த மூன்று குதிரைகள் மேல் கட்டிய அசலை முதலில் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய லாபத்தை மட்டும் மூன்றாக்குவது.

கணக்கு: பிளேஸ் குளம் 1,20,000, 25 சதவீதம் போக 90,000. முதலாவது வந்த ஃபேவரிட் மேல் 60,000, இரண்டாவது மேல் 9,000, மூன்றாவது மேல் 6,000. முதல் வழியில் ஒவ்வொரு குதிரைக்கும் 30,000. மூன்றாவது குதிரைக்குப் பத்துக்கு 50, இரண்டாவதுக்கு 33, ஃபேவரிட்டுக்கு 5! ஜெயித்தும் பாதிக் காசு நஷ்டம். இரண்டாவது வழியில் 90,000-த்திலிருந்து அசல் 75,000 போக லாபம் 15,000, ஆளுக்கு 5,000. ஃபேவரிட்டுக்கு 10.83, இரண்டாவதுக்கு 15.55, மூன்றாவதுக்கு 18.33, காசை வெட்டினால் 10, 15, 18. அதே குளம், அதே முடிவு, அதே டிக்கெட். மூன்றாவது குதிரை கட்டியவருக்கு ஒரு வழியில் 50, இன்னொன்றில் 18.

எது நியாயம் என்றால், அசலை ஒதுக்கும் வழிதான் அடிப்படையில் சரி. ஜெயித்த டிக்கெட் அசலையாவது திரும்பப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கேயும் ஃபேவரிட்டுக்கு 10.83 வெட்டுப்பட்டு 10 ஆகிறது. ஜெயித்ததற்கு லாபமே இல்லை. இதனால்தான் பல இடங்களில் குறைந்தபட்சப் பட்டுவாடா என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு டாலருக்கு 2.10, குளத்தில் பணம் போதாவிட்டால் பந்தயம் நடத்துகிறவர் கைப்பணத்தைப் போட வேண்டும். அதைத் தவிர்க்க, ஒரு குதிரை மேல் பணம் அளவுக்கு மீறிக் குவிந்தால் அந்த ரேஸில் பிளேஸ் பந்தயத்தையே ரத்து செய்வதும் அங்கே உண்டு. உங்கள் கிளப்பின் விதிப் புத்தகத்தில் பிளேஸ் குளம் எப்படிப் பிரிக்கப்படுகிறது, குறைந்தபட்ச டிவிடெண்ட் உண்டா என்ற இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். முதல் வழி என்றால் பெரிய ஃபேவரிட் ஓடும் ரேஸில் ஃபேவரிட்டுக்கு பிளேஸ் கட்டவே கூடாது. மூன்றாவதாக வரத்தக்க, அதிகம் பேர் கட்டாத குதிரைக்குத்தான் கட்ட வேண்டும்.

பிளேஸில் இன்னொரு கத்தி, குதிரை எண்ணிக்கை. பிரிட்டனில் புக்கிகளின் வழக்கம் இது: 4 குதிரை வரை பிளேஸ் கிடையாது, 5 முதல் 7 வரை இரண்டு, 8 முதல் மூன்று, ஹேண்டிகேப் ரேஸில் (குதிரைகளுக்கு எடை ஏற்றிச் சமப்படுத்தும் ரேஸ்) 16 முதல் நான்கு. எட்டு குதிரை ஓடும் என்று நம்பி நீங்கள் காலையில் கட்டுகிறீர்கள். எட்டாவது குதிரை, ஒன்றுக்கு முப்பது விலையில் கிடந்த ஒரு நொண்டி, கேட்டுக்குள் போக மறுத்து விலகுகிறது. ஏழாகிவிட்டது, மூன்றாவது இடத்துக்குக் காசு இல்லை. உங்கள் குதிரை மூன்றாவது வந்தால் டிக்கெட் குப்பை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாத குதிரை விலகியதால் போட்டி துளிகூட சுலபமாகவில்லை, உங்கள் பிளேஸ் மட்டும் மூன்றில் ஒன்று போய்விட்டது. விலை குறைவான குதிரை விலகினால் உங்கள் லாபத்தில் பிடிக்கத் தெரிந்த விதிக்கு, இங்கே உங்களுக்கு ஈடு கொடுக்கத் தெரியவில்லை. ஒருபக்கம் மட்டும் வெட்டும் விதி இது. இதை அநியாயம் என்று தாராளமாகச் சொல்லலாம். சரியாக எட்டு குதிரை ஓடும் ரேஸில் பிளேஸ் கட்டுவதானால் குதிரைகள் கேட்டுக்குள் நுழையும் நேரம்வரை பொறுத்திருப்பது ஒன்றே வழி.

இனி இரண்டாவது கேள்வி, விலகிய குதிரைக்கான பிடித்தம். டோட்டில் இந்தச் சிக்கல் கிடையாது; விலகிய குதிரை டிக்கெட்டுக்குப் பணம் திரும்பிவிடும், குளத்திலிருந்தும் அது கழியும், மிச்சம் தானாகச் சரியாகிவிடும். புக்கியிடம் விலை முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டதால், போட்டி குறைந்த அளவுக்கு விலையையும் குறைத்தாக வேண்டும். இதில் தெளிவாக எழுதப்பட்ட அட்டவணை பிரிட்டனின் டாட்டர்சால்ஸ் விதி 4. கணக்கு விளங்க அதையே எடுத்துக்கொள்வோம். விலகிய குதிரையின் விலை ஈவன் மணி (போட்ட அளவே லாபம்) முதல் ஐந்துக்கு ஆறு வரை என்றால் லாபத்தில் 45 சதவீதம் பிடித்தம். ஒன்றுக்கு இரண்டு என்றால் 30. ஒன்றுக்கு மூன்று என்றால் 25. ஒன்றுக்கு நான்கு என்றால் 20. ஆறு முதல் ஒன்பது வரை 10. பத்து முதல் பதினாலு வரை 5. அதற்கு மேல் பிடித்தமே இல்லை. அசலில் கைவைக்கக் கூடாது, லாபத்தில் மட்டும்.

உங்கள் கணக்கு: 100 ரூபாய், ஒன்றுக்கு ஐந்து. லாபம் 500. விலகிய குதிரை ஒன்றுக்கு இரண்டு. பிடித்தம் 150. கையில் 350-ம் அசல் 100-ம். இது கூடுதலா, குறைவா? ஒன்றுக்கு இரண்டு விலை என்றால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு அந்தக் குதிரையிடம் இருந்தது. அது போனபின் உங்கள் குதிரையின் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு நான்கில் ஒன்றாக உயர்கிறது. அப்படியானால் சரியான விலை ஒன்றுக்கு மூன்று, லாபம் 300. உங்களுக்குக் கிடைத்தது 350. பிடித்தம் என்று நீங்கள் கொதிக்கும் விதி, கணக்குப்படி உங்களுக்கு ஐம்பது ரூபாய் சலுகையே தந்திருக்கிறது.

ஃபேவரிட் கட்டியவருக்குச் சலுகை இன்னும் பெரிது. மூன்றுக்கு இரண்டு விலையில் 300 கட்டியிருக்கிறார், லாபம் 200. அதே ஒன்றுக்கு இரண்டு விலைக் குதிரை விலகினால் இவருடைய குதிரைக்கு ஏறத்தாழ எதிரியே இல்லை. சரியான விலை ஒன்பதுக்கு ஒன்று, லாபம் 33 ரூபாய்தான். விதிப்படி அவருக்குக் கிடைப்பது 140. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்குத் தலையில் துண்டு போட வேண்டியவர் புக்கிதான்.

இந்த விதியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. அட்டவணை படிப்படியாக இருப்பதால் படியின் ஓரத்தில் அடி விழும். விலகிய குதிரை நான்குக்கு ஒன்பது என்றால் 30 பிடித்தம், இரண்டுக்கு ஐந்து என்றால் 25. கால் புள்ளி விலை வித்தியாசத்துக்கு லாபத்தில் இருபதில் ஒரு பங்கு. அந்த விலை எந்த நிமிஷத்தில், யாருடைய போர்டில் எடுக்கப்பட்டது என்பதில்தான் தகராறு வரும். புக்கியின் போர்டில் எல்லா விலைகளையும் சதவீதமாக்கிக் கூட்டினால் 100 வராது; 120, 130 என்று வரும், அந்த மேல்பகுதிதான் அவர் பிழைப்பு. அது எவ்வளவு உப்பியிருக்கிறதோ அவ்வளவுக்கு எல்லாக் குதிரையின் விலையும் குறுகியிருக்கும். விலகிய குதிரைக்கான பிடித்தமும் ஒரு படி மேலே போகும். இன்னொன்றையும் பாருங்கள்: குதிரை விலகிய அறிவிப்புக்குப் பிறகு, புது விலை எழுதியபின் நீங்கள் கட்டியிருந்தால் பிடித்தம் செய்யவே கூடாது. சீட்டில் நேரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புகார் நிற்பதும் விழுவதும் அதில்தான்.

விலகல் என்று எதைச் சொல்வது என்பதிலும் குழப்பம் உண்டு. கேட்டுக்குள் போக மறுத்து ஸ்டார்ட்டர் விலக்கினால் விலகல். கேட் திறந்தபின் குதிரை அப்படியே மரம் மாதிரி நின்றுவிட்டால், பொதுவாக அது ஓடிய குதிரைதான், காசு திரும்பாது. கேட்டே திறக்காமல் கோளாறானால் அது வேறு, ஸ்டார்ட்டரும் ஸ்டூவர்டுகளும் (ரேஸ் நடுவர்கள்) அறிவிப்பார்கள். அறிவிப்பு வரும்வரை டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள்.

டெட் ஹீட். நம் வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்து எருது விடும் விழாவில் காளைகள் ஒவ்வொன்றாக ஓடி, விநாடிக் கணக்கில் பரிசு. இரண்டு காளை ஒரே நேரம் எடுத்து, கமிட்டி முதல் பரிசையும் இரண்டாம் பரிசையும் கூட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தால் யாரும் தடியெடுக்க மாட்டார்கள். குதிரைச் சொந்தக்காரர்களுக்கும் பரிசுப் பணம் அப்படித்தான் பிரிகிறது. கட்டியவர்களுக்குத்தான் இந்தக் கூட்டல் இல்லை, ஏனென்றால் இரண்டாவது இடத்துக்கு நீங்கள் பணமே கட்டவில்லை. புக்கி விதி: உங்கள் கட்டுப்பணத்தில் பாதி ஜெயித்தது, பாதி தோற்றது. 1,000 ரூபாய், ஒன்றுக்கு நான்கு: 500 ரூபாய்க்கு முழு விலை, 2,000 லாபமும் அந்த 500-ம், மொத்தம் 2,500, மற்ற 500 போயிற்று. ஃபேவரிட் இரண்டுக்கு ஒன்று விலையில் இருந்தால்: 500-க்கு 250 லாபம், மொத்தம் 750. ஆயிரம் போட்டு 750. ஈவன் மணிக்குக் கீழே எந்த விலையில் கட்டியிருந்தாலும் டெட் ஹீட் என்றால் நஷ்டம்தான். ஈவன் மணியில் அசல் மட்டும் திரும்பும். கேட்க வயிறு எரியும், ஆனால் கணக்கு சுத்தம்: நீங்கள் வாங்கியது தனியாக ஜெயிக்கும் வாய்ப்பு, கிடைத்தது அதில் பாதி. மூன்று குதிரை சமமாக வந்தால் மூன்றில் ஒரு பங்கு. பிளேஸின் கடைசி இடத்துக்கு இரண்டு குதிரை சமமானாலும் இதே பாதிக் கணக்கு.

டோட்டில் டெட் ஹீட்டுக்கு மேலே பிளேஸுக்குச் சொன்ன அந்த இரண்டு வழியே திரும்ப வருகிறது. 75,000 நிகரக் குளம், ஒரு குதிரை மேல் 30,000, சமமாக வந்த மற்றதன் மேல் 5,000. குளத்தைச் சம பாதியாக்கினால் பத்துக்கு 12-ம் 75-ம். அசலை ஒதுக்கி லாபத்தைப் பாதியாக்கினால் 16-ம் 50-ம். ஃபேவரிட் கட்டியவருக்கு இரண்டாவது வழி நல்லது.

ரேஸுக்குப் பிறகு மாறும் முடிவுகள் வேறு ரகம். ஃபினிஷ் கோட்டில் முதலில் வந்தது என்பதற்காகவே ஒரு குதிரைக்குப் பணம் கிடையாது. ஸ்டூவர்டுகள் ஆல் கிளியர் சொன்ன, அதாவது முடிவு உறுதி என்று அறிவித்த வரிசைக்குத்தான். 2019 கென்டக்கி டெர்பியில் மேக்சிமம் செக்யூரிட்டி முதலில் வந்தது. மற்றக் குதிரைகளை மறித்தது என்று ஸ்டூவர்டுகள் அன்றே கீழே இறக்கினார்கள். கன்ட்ரி ஹவுஸ் கட்டியவர்களுக்கு இரண்டு டாலருக்கு 132.40 கிடைத்தது. 2021 டெர்பியில் ஜெயித்த மெடினா ஸ்பிரிட்டின் ரத்தத்தில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது பிறகு தெரிந்தது. 2022 பிப்ரவரியில் தகுதி நீக்கம். மாண்டலூன் ஜெயித்ததாக அறிவிப்பு. பரிசும் பெருமையும் கைமாறின, மாண்டலூனுக்குக் கட்டியவர்களுக்கு ஒரு சென்ட் வரவில்லை. ஆல் கிளியருக்குப் பிறகு பட்டுவாடா மாறாது என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் விதி. கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஊக்கமருந்து குதிரையால் தோற்றவருக்கு, குதிரைக்காரருக்கு விதிக்கும் அபராதத்திலிருந்தாவது ஏதாவது கொடுக்கும் ஏற்பாட்டைக் கிளப்புகள் யோசிக்காதது அநியாயக் கணக்கில்தான் சேரும்.

ஜாக்பாட்டில், விலகிய குதிரைக்குப் பதிலாக உங்கள் டிக்கெட்டில் ஃபேவரிட்டைத் தானாக ஏற்றும் விதி பல டோட்டுகளில் உண்டு. நீங்கள் வேண்டுமென்றே தவிர்த்த குதிரையாகவும் அது இருக்கலாம். இரண்டு மாற்றுக் குதிரை எழுத இடம் இருந்தால் எழுதிவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது வரி. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இது கனமானது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம், அதுவும் கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கு. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, டோட் நடத்தும் கிளப்புக்கு அதன் கமிஷன் மீது மட்டுமே வரி என்று தீர்ப்பளித்தார். 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் குதிரைப் பந்தயத்தை கேசினோ, லாட்டரி, ஆன்லைன் ஆட்டத்தோடு ஒரே வரிசையில் சட்டத்திலேயே உட்கார வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதம் 40. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சென்னை ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட லட்சுமணன் வழக்கில் சொன்னது. வரி அட்டவணையில் அந்தத் தீர்ப்புக்கு இடமில்லை.

எண்ணில் பார்த்தால்: 100 ரூபாய் பந்தயம், வரி 40, ஆக உங்கள் பையிலிருந்து 140. குளத்திலிருந்து கிளப் 20 எடுத்து 80 திரும்பத் தருகிறது என்று வைத்தால், சராசரியாக ரூபாய்க்கு 57 காசு. வரி கமிஷனுக்கு மட்டும் என்றிருந்தால் 20 ரூபாய்க்கு 8 ரூபாய்தான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போலீஸ் அடிக்கடி பிடிக்கும் காட்டன் சூதில், நூறில் ஒரு எண்ணுக்கு ஒன்றுக்கு எண்பது கொடுத்தால்கூட ரூபாய்க்கு 80 காசு. சட்டப்படியான பந்தயத்தில் கட்டுகிறவனுக்கு 57 காசும் திருட்டுச் சூதில் 80 காசும் என்றால் ஆள் எங்கே போவான் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

ஜெயித்த பணத்துக்கு வருமான வரி தனி. ஒரு பட்டுவாடா 10,000-ஐத் தாண்டினால் 30 சதவீதம் அங்கேயே பிடித்துவிடுவார்கள். வரிக் கணக்கில் செஸ்ஸோடு 31.2. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதே விகிதம். சீசன் முழுக்க 80,000 தோற்று ஒரு ஜாக்பாட்டில் 60,000 ஜெயித்தவர் உண்மையில் 20,000 நஷ்டத்தில் இருக்கிறார். சட்டத்தின் கண்ணில் அவர் 60,000 சம்பாதித்தவர். தோற்றதைக் கழிக்க வழியே இல்லை. லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நஷ்டத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

போனில் கட்டும் புக்கிக்குப் போனால் இந்த வரியெல்லாம் இல்லை என்பார்கள். உண்மைதான், விதியும் இல்லை. டோட் 120 கொடுத்தால் "எங்களிடம் உச்சம் ஒன்றுக்கு எட்டு" என்பார், ஜெயித்த பிறகு. கிளப்புக்கு வெளியே நடக்கும் அந்தப் பந்தயமே சட்டத்துக்குப் புறம்பானது. 1872 ஒப்பந்தச் சட்டம் 30-ம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வர வேண்டிய பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அதே பிரிவில் குதிரைப் பந்தயத்துக்கு ஒரு விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். அது ஜெயிக்கும் குதிரைக்கான 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்குப் பணம் சேர்ப்பதற்கு மட்டும். உங்கள் கட்டுப்பணத்துக்கு இல்லை.

புகார் பற்றி. டிக்கெட் வாங்கியதும் ஜன்னலை விட்டு நகரும் முன் ரேஸ் எண், குதிரை எண், பந்தய வகை, யூனிட் நான்கையும் படியுங்கள். ரேஸ் ஓடியபின் "நான் 7 கேட்டேன், 1 அடித்துவிட்டார்" என்றால் எங்கும் நிற்காது. புக்கியிடம் தகராறு என்றால் சீட்டைக் கொடுத்துவிடாமல், அதைப் படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே கிளப் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். எழுதும்போது "ஏமாற்றிவிட்டார்கள்" என்பதைவிட இப்படி எழுதினால் பதில் வரும்: நான் கட்டிய நேரம் இது, குதிரை விலகிய அறிவிப்பு நேரம் இது, அப்போது அதன் விலை இது, விதிப்படி பிடித்தம் இவ்வளவு, எனக்குப் பிடித்தது இவ்வளவு. உங்கள் விஷயத்தில் இந்த எண்கள் ஒத்துப்போகின்றன, அதனால் எழுதவும் ஒன்றுமில்லை.

2025-26 நிதியாண்டில் வரி பிடித்திருந்தால் பான் எண் கொடுத்து, கிளப்பிடம் படிவம் 16ஏ (வரி பிடித்ததற்கான சான்று) கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அதே தொகை ஏறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1-ல் ரேஸ் வருமானத்தைக் காட்ட முடியாது. ஐடிஆர்-2 போட வேண்டும், தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-3.